மிக்ஸி போல் இரையும் மடிக்கணினி: திருப்பதி, சித்தூர் கோடையில் கூலிங் ஃபேன் பழுது வெளிப்படுவது ஏன்? சரிசெய்வது எப்படி?

திருப்பதி: டிசம்பரில் சத்தமின்றி இயங்கிய மடிக்கணினி, ஏப்ரல் பிறந்ததும் மிக்ஸி போல் இரையத் தொடங்குகிறது. விசைப்பலகையின் மேல்வரிசை கைவைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. நுழைவுத் தேர்வுக்கான இணையவழிப் பயிற்சியின் நடுவே திரை உறைந்து நிற்கிறது, அல்லது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி அணைந்துவிடுகிறது. ஃபேன் போய்விட்டது என்று ஒருவர் சொல்ல, மடிக்கணினியே பழசாகிவிட்டது என்று மற்றொருவர் சொல்ல, புதிதாக ஒன்று வாங்கும் பேச்சு வீட்டில் எழுகிறது.

பெரும்பாலான நேரங்களில் இரண்டுமே காரணமல்ல. பழுது கோடையில் பிறந்ததும் அல்ல. ஆண்டு முழுவதும் உள்ளே சேர்ந்துகொண்டிருந்த தூசியையும், மெல்ல உலர்ந்துகொண்டிருந்த பசையையும் கோடை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். ஆகவே விசிறியை மாற்றுவதற்கு முன்பு, புதிய கணினிக்குத் தவணை கட்டுவதற்கு முன்பு, உண்மையில் எது பழுது என்பதைக் கண்டறிவதே முதல் வேலை. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

35 டிகிரி வரம்பு

மடிக்கணினியுடன் வரும் சிறு கையேட்டைப் பலரும் பிரிப்பதே இல்லை. பிரித்துப் பார்த்தால், இயங்குவதற்கு உகந்த சுற்றுப்புற வெப்பநிலை என்று ஒரு வரி இருக்கும். டெல், ஹெச்பி, ஆப்பிள் உள்ளிட்ட முன்னணி நிறுவனங்களின் பெரும்பாலான மாடல்களில் அந்த வரம்பு 35 டிகிரி செல்சியஸ். திருப்பதியிலும் சித்தூரிலும் ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமானது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள குளிர்சாதன வசதியற்ற அறை இரவு 9 மணிக்கும் அனலாகவே இருக்கும். அதாவது, தயாரிப்பாளர் வகுத்த எல்லைக்கு வெளியேதான் இப்பகுதியின் பல வீடுகளிலும் விடுதி அறைகளிலும் மடிக்கணினிகள் கோடை முழுவதும் வேலை செய்கின்றன.

இதில் ஒரு முரண் உண்டு. திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டியில் டைகின் நிறுவனம் 2023 நவம்பரில் குளிர்சாதனப் பெட்டி ஆலையைத் திறந்தது. ரேணிகுண்டாவில் மின்னணு உற்பத்தித் தொகுப்புகள் இயங்குகின்றன. ஆனால் குளிர்சாதன வசதி இல்லாத அறையில் மடிக்கணினி எப்படி நடந்துகொள்ளும் என்ற எளிய செய்தி, அதை வாங்குபவருக்குச் சொல்லப்படுவதில்லை.

கூட்டல் கணக்கு

விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள காற்றை உள்ளே இழுத்து, சூட்டை ஏற்றி வெளியே தள்ளுவது மட்டுமே அதன் பணி. ஆகவே மடிக்கணினியின் சிப் ஒருபோதும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. அறையின் வெப்பத்துடன், சிப் தானே உண்டாக்கும் வெப்பத்தால் ஏற்படும் உயர்வைக் கூட்டினால் கிடைப்பதே அதன் வெப்பநிலை.

ஓர் உதாரணம். சுத்தமான நிலையில் உள்ள மடிக்கணினி ஒன்று, குறிப்பிட்ட வேலையின்போது அறையைவிட 45 டிகிரி கூடுதலாகச் சூடேறுகிறது என்று கொள்வோம். 25 டிகிரி உள்ள குளிரூட்டப்பட்ட அறையில் அதன் சிப் 70 டிகிரியில் இருக்கும். 42 டிகிரி அறையில் அதுவே 87. இப்போது தூசி அடைத்து, அந்த உயர்வு 45-லிருந்து 60 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், குளிர்ந்த அறையில் சிப் 85 டிகிரியில் நிற்கும். யாருக்கும் எதுவும் தெரியாது. 42 டிகிரி அறையிலோ கணக்கு 102-ஐத் தொடும்.

பெரும்பாலான மடிக்கணினி சிப்புகள் 100 டிகிரியை ஒட்டிய அளவை எட்டும்போது தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பயனருக்கு அது 'ஹேங்' ஆகத் தெரிகிறது. வேகத்தைக் குறைத்தும் சூடு தணியாவிட்டால் கணினி தானாக அணைகிறது. அதற்கு முன்பே விசிறி தன் முழு வேகத்துக்குச் சென்றிருக்கும். விசிறியின் வேகம் இரு மடங்கானால் அதன் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் உயரும் என்பது பொறியியல் கணக்கு. மெல்லிய காற்றோசை இரைச்சலாக மாறுவதற்கு அது போதும்.

குளிரூட்டப்பட்ட சேவை மையத்துக்குக் கொண்டுசென்ற மடிக்கணினி அங்கே ஒழுங்காக இயங்கி, வீடு திரும்பியதும் மீண்டும் இரைவதற்கும் இந்தக் கூட்டல் கணக்கே விடை. பயனர் சொன்னதும் பொய்யில்லை, தொழில்நுட்பப் பணியாளர் சொன்னதும் பொய்யில்லை. இருவரும் வெவ்வேறு அறைகளில் நின்று பேசுகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன?

சிப்பின் மேல் ஒரு செப்புத் தகடு அழுந்தி அமர்ந்திருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத காற்றுவெளியை நிரப்பத் தடவப்படுவதுதான் தெர்மல் பேஸ்ட். தகட்டிலிருந்து தட்டையான செப்புக்குழாய் ஒன்று விசிறியை நோக்கிச் செல்லும். இதற்கு ஹீட் பைப் என்று பெயர். பார்ப்பதற்குத் திடமான செம்புப் பட்டை போல் இருந்தாலும் அது உள்ளீடற்றது. காற்று நீக்கப்பட்ட அந்தக் குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கும். சிப்பின் பக்கம் நீர் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைப் படலம் வழியே திரும்பி வரும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதைப் போன்ற செயல் இது.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் ஹீட் பைப்பை உருவாக்கிக் காட்டினார். ஈர்ப்பு விசையின் துணையின்றியும் இது இயங்கும் என்பதால் செயற்கைக்கோள்களில் வெப்பத்தைப் பரப்ப இதே தத்துவம் பயன்படுகிறது. திருப்பதி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏறும் செயற்கைக்கோளுக்கும், விடுதி அறையில் இரையும் மடிக்கணினிக்கும் இந்த அளவில் ஓர் உறவு உண்டு.

குழாயின் மறுமுனை, சீப்பின் பற்களைப் போல் நெருக்கமாக அடுக்கப்பட்ட மெல்லிய உலோகத் தகடுகளுக்குள் செல்லும். விசிறி அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து அந்தப் பற்களின் ஊடே ஊதி வெளியேற்றும். பிரச்சினையின் பெரும்பகுதி இங்கேதான் குடியிருக்கிறது. துணிநூல், தலைமுடி, போர்வையின் பஞ்சு ஆகியவை விசிறியின் இறக்கைகளைத் தாண்டி, பற்களின் உட்புற வாயிலில் படிகின்றன. ஓரிரு ஆண்டுகளில் அது கம்பளித் துண்டு போன்ற படலமாகிவிடும். ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்திப் புகையும் தாளிப்பின் எண்ணெய் ஆவியும் படியும் வீடுகளில் இந்தத் தூசி பிசுபிசுப்பாகி, ஊதினாலும் நகராது. கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகே உள்ள சித்தூர் வீடுகளில் நுண்ணிய கல்தூளும் சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து துளைகளைப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். படலம் இருப்பது விசிறிக்கும் பற்களுக்கும் நடுவே என்பதால், திறக்காமல் அது கண்ணில் படாது.

ஓசையைக் கேட்டே பாதி பழுதை அறியலாம்

சீரான, காற்றை மட்டும் ஒத்த இரைச்சல் என்றால் விசிறி நன்றாக இருக்கிறது, வேகமாகச் சுழல்கிறது என்று பொருள். அது நோயல்ல, அறிகுறி.

கரகரவென்று அரைக்கும் ஓசை, குறிப்பாகக் கணினியை இயக்கியவுடன் எழுந்து சில நிமிடங்களில் குறைந்தால், விசிறியின் பேரிங் தேய்ந்திருக்கிறது. டிக்டிக் என்ற தட்டல் ஓசை, கணினியைச் சாய்க்கும்போது மாறினால், இறக்கையில் ஏதோ உரசுகிறது. விலகிய சிறு வயராகவோ, சிக்கிய நூலாகவோ இருக்கலாம். எறும்பு, சிறு கரப்பான் ஆகியவை உள்ளே குடிபுகுவதும் நம்மூர்க் கணினிகளுக்குப் புதிதல்ல.

மெல்லிய விசில் போன்ற ஓசை, விசிறி நின்றபோதும் தொடர்ந்தால், அது மின்சுற்றிலுள்ள சுருள்களின் அதிர்வு. எரிச்சலூட்டும், ஆபத்தில்லை.

பழைய வகை ஹார்ட் டிஸ்க் உள்ள மடிக்கணினியில் உலோகத்தைச் சுண்டுவது போன்ற 'க்ளிக்' ஓசை விட்டுவிட்டு வந்தால் அது விசிறியே அல்ல. ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நிலைக்கு வந்திருக்கிறது. வேறு எந்த வேலைக்கும் முன்பு கோப்புகளையும் புகைப்படங்களையும் பிரதி எடுத்துவிட வேண்டும். விசிறியைச் சுத்தம் செய்யப் போய் ஆய்வேட்டை இழந்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது நிசப்தம். உடல் கொதிக்கிறது, ஆனால் ஓசையே இல்லை என்றால் விசிறி நின்றுவிட்டது. ஹெச்பி கணினிகளில் '90பி' என்ற குறியீட்டுடன் விசிறி குறித்த எச்சரிக்கையும், லெனோவாவின் திங்க்பேட் வகையில் 'ஃபேன் எரர்' என்ற வாசகமும் தொடக்கத் திரையில் தோன்றும். அந்த நிலையில் தொடர்ந்து இயக்குவது சரியல்ல. கணினியை இயக்கும்போது ஹெச்பியில் எஃப்2, டெல்லில் எஃப்12 விசையை அழுத்தினால் கிடைக்கும் சோதனைப் பட்டியலில் விசிறியைத் தனியே பரிசோதிக்கும் வசதி உண்டு.

டிஷ்யூ காகிதச் சோதனை

மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைக் காற்று வெளியேறும் துளையருகே பிடித்து, விசிறி இரையும்போது கவனிக்க வேண்டும். உள்ளங்கையையும் சற்றுத் தள்ளி வைத்துப் பார்க்கலாம்.

ஓசை பலமாக இருந்தும் காகிதம் அசையவில்லை, காற்று மெலிந்து வருகிறது என்றால் பற்கள் அடைத்திருக்கின்றன. சுத்தம் செய்தால் போதும், விசிறி மாற்றத் தேவையில்லை. காகிதம் படபடக்கிறது, காற்று நல்ல சூடாக வருகிறது என்றால் குளிரூட்டும் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது. சுமைதான் அதிகம். காகிதம் படபடக்கிறது, ஆனால் காற்று குளிர்ந்தே வருகிறது, கணினியோ கொதிக்கிறது என்றால் சிப்பின் வெப்பம் பற்கள்வரை வந்து சேரவில்லை. தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம், அல்லது ஹீட் பைப் செயலிழந்திருக்கலாம்.

பழுதுபார்ப்புக் கடையில் பேச இந்த மூன்று வேறுபாடுகள் போதும். 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்பவருக்குப் புதிய விசிறிக்கான விலைதான் முதலில் கிடைக்கும்.

திறக்காமலே செய்யக்கூடியவை

சுமை அதிகம் என்று தெரிந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். எந்த வேலையும் செய்யாதபோது சிபியு பயன்பாடு சில விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. விண்டோஸ் புதுப்பிப்பு அல்லது வைரஸ் தடுப்புச் சோதனை நடந்தால் சிறிது நேரத்தில் தானே அடங்கும். மணிக்கணக்கில் 70, 80 விழுக்காடு நீடித்தால் சந்தேகிக்க வேண்டும். இலவசமாகக் கிடைத்த திருட்டு மென்பொருளுடன் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலும் ஒட்டிவந்திருக்கக் கூடும். அப்போது மின்கட்டணம் வீட்டுக்காரருடையது, நாணயம் வேறொருவருடையது.

மெத்தை, தலையணை, மடி ஆகிய மூன்றும் அடிப்பக்கத் துளைகளை மூடிவிடும். கணினியைச் சமமான பலகையில் வைத்து, பின்விளிம்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினாலே வேறுபாடு தெரியும். இரண்டு பழைய புத்தகங்கள் போதும், துளைகளை மறைக்காமல் ஓரமாக வைத்தால் சரி. ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர் பக்கத்திலும், மேற்கு ஜன்னலின் வெயிலிலும் வைக்கக் கூடாது. ஈரத்துணி சுற்றுவதும், பனிக்கட்டிப் பையின் மேல் வைப்பதும், குளிர்பதனப் பெட்டிக்குள் சில நிமிடம் வைப்பதும் தவறு. காற்றிலுள்ள ஈரம் உள்ளே நீர்த்துளியாகப் படிந்து மின்சுற்றைக் கெடுக்கும்.

விண்டோஸ் கணினிகள் பலவற்றில் மின்திட்ட அமைப்புகளுக்குள் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்ற அளவு இருக்கும். அதை 100-லிருந்து 99 ஆக்கினால், சிப் தன் இயல்பு வேகத்தைத் தாண்டிப் பாயும் 'டர்போ' நிலை பல கணினிகளில் நின்றுவிடும். பாடம் கேட்கவும் கட்டுரை எழுதவும் அந்தப் பாய்ச்சல் தேவையில்லை. ஒரே ஓர் எண்ணை மாற்றுவதால் கோடையில் பல டிகிரி குறையக்கூடும். செலவில்லாத வழி என்பதால் கடைகளில் இதை யாரும் விற்பதுமில்லை.

கூலிங் பேட் எனப்படும் விசிறிப் பலகை, அடிப்பக்கத் துளை உள்ள மாடல்களுக்கு ஓரளவு உதவும். பற்கள் அடைத்த கணினிக்கு அதனால் பெரிய பயனில்லை. மூக்கடைத்தவருக்கு விசிறிவிடுவது போன்றது அது.

திறந்து சுத்தம் செய்தல்

உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்கும் முன்பு அதன் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும். விசிறியின் ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து, சேவை மையத்தில் புகாராக எழுத்துபூர்வமாகக் கொடுப்பதே அந்தக் காலத்தில் நல்லது.

உத்தரவாதம் முடிந்திருந்தால், கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்ற வேண்டும். 'ஸ்லீப்' நிலை போதாது. அடிமூடியின் திருகாணிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமான ஒன்றைத் தவறான துளையில் இறுக்கினால் மேற்புறம் வீங்கும், சில நேரம் மதர்போர்டே துளைபடும். ஒரு தாளில் மூடியின் படத்தை வரைந்து, எந்தத் திருகாணி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே ஒட்டுநாடாவால் ஒட்டி வைப்பது எளிய முறை. மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரியின் இணைப்பைப் பிரிப்பது. ரப்பர் பூச்சட்டி இலை போல் பேட்டரி உப்பியிருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது.

பிறகு விசிறியைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றி அதை எடுத்தால், பற்களின் முன்னே படிந்திருக்கும் பஞ்சுப்படலம் தெரியும். அதை ஊதித் தள்ள முயல்வதைவிட, மென்மையான தூரிகையால் அல்லது சாமணத்தால் படலமாகவே உரித்து எடுப்பது நல்லது. ஊதினால் பாதி திரும்பவும் உள்ளேதான் போகும். இறக்கைகளைத் தூரிகையால் துடைக்கலாம். காற்றழுத்தக் குப்பியோ, கடைகளில் உள்ள புளோயரோ பயன்படுத்தினால் இறக்கையைக் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் ஊதினால் விசிறி தன் வரம்பை மீறிச் சுழன்று பேரிங் கெடும். சுத்தம் செய்யக் கொடுத்த கணினி புதிய கரகர ஓசையுடன் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படியும். வீட்டு வேக்யூம் கிளீனரின் முனையில் நிலைமின்சாரம் தேங்கும்.

தெர்மல் பேஸ்ட் மாற்றுவது சற்றுக் கவனம் கோரும் வேலை. செப்புத் தகட்டின் திருகாணிகளுக்கு அருகே 1, 2, 3 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றும்போது தலைகீழ் வரிசையிலும், பூட்டும்போது நேர் வரிசையிலும் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பழைய பசையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, சிப்பின் கண்ணாடி போன்ற பரப்பை மெல்லிய படலமாக மூடும் அளவுக்குப் புதிய பசை வைத்தால் போதும். அதிகம் வைத்தால் அதிகம் குளிரும் என்பது தவறு. 'லிக்விட் மெட்டல்' எனப்படும் திரவ உலோகத்தை வீட்டில் பயன்படுத்தக் கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். அருகிலுள்ள மற்றச் சிறு சிப்புகளின் மேல் ரப்பர் போன்ற பட்டைகள் இருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். அவற்றின் தடிமன் அளந்து வைக்கப்பட்டது, பசை அதற்கு மாற்றாகாது.

எண்ணெய் விடலாமா?

கரகர ஓசைக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடுவது பழைய வைத்தியம். சில வாரங்களுக்கு அது பலிக்கவும் செய்யும். தேய்ந்த பேரிங்கின் இடைவெளியை எண்ணெய் தற்காலிகமாக நிரப்புகிறது, தேய்மானத்தைச் சரிசெய்வதில்லை. தேர்வு முடியும்வரை ஓட்ட வேண்டும் என்றால் புரிந்துகொள்ளலாம். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். அது நாளடைவில் பிசினாகித் தூசியையும் பிடித்துவைக்கும்.

பேரிங் தேய்ந்த விசிறிக்கு மாற்றே தீர்வு. கணினியின் மாடல் பெயரை மட்டும் சொல்லி விசிறி வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. ஒரே மாடலில் தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ளதற்கும் இல்லாததற்கும் வெவ்வேறு விசிறிகள் உண்டு. இரண்டு விசிறிகள் உள்ள கணினியில் இடதும் வலதும் ஒன்றல்ல. பழைய விசிறியின் ஒட்டுத்தாளில் உள்ள பாக எண், 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்ற விவரம், வயர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் படமெடுத்துக்கொண்டு போவதே பாதுகாப்பு. உள்ளூரில் கிடைக்காதபோது சித்தூர், திருப்பதி வாசிகளுக்குச் சென்னை ரிச்சி தெரு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கழற்றிய பழைய விசிறியைக் கையோடு எடுத்துச் செல்வது பேரம் பேசவும் உதவும்.

சத்தத்தை அடக்கினால் என்ன ஆகும்?

விசிறியின் வேகத்தைக் குறைத்து இரைச்சலை அடக்கும் செயலிகள் இணையத்தில் ஏராளம். அவற்றை நிறுவும் முன்பு 2008-ஆம் ஆண்டு நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. அந்த ஆண்டு ஜூலையில், தன் மடிக்கணினி கிராஃபிக்ஸ் சிப்புகள் சில வழக்கத்தைவிட அதிக அளவில் பழுதாவதாக என்விடியா அறிவித்து, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சிப்பைத் தாங்கும் அடித்தளப் பொருளின் பலவீனமே சிக்கல். மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிரும்போது நுண்ணிய பற்றவைப்புகள் விரிசல் கண்டன. டெல், ஹெச்பி நிறுவனங்கள் அப்போது வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த உடனடி மருந்து என்ன தெரியுமா? விசிறியை முன்பைவிட அதிக நேரம் சுழல வைக்கும் பயாஸ் புதுப்பிப்பு. சத்தத்தைக் கூட்டித்தான் சிப்பைக் காக்க முயன்றார்கள்.

உப்பிய பேட்டரி

மிகை வெப்பத்தால் அதிகம் பாதிக்கப்படுவது சிப் அல்ல. சிப்புக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் நேரடியாக ஆயுளைக் குறைக்கிறது. கோடையில் நாள் முழுவதும் சார்ஜரில் இணைந்தபடியே, 100 விழுக்காடு நிரம்பிய நிலையில், சூடான கணினிக்குள் கிடக்கும் பேட்டரி விரைவாக மூப்படைகிறது, சில நேரம் வாயு சேர்ந்து உப்புகிறது. டச்பேட் மேலெழுவது, அழுத்தினால் 'க்ளிக்' ஆகாதது, மேசையில் வைத்தால் கணினி ஆடுவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

2022 ஏப்ரலில் அண்டையிலுள்ள கடப்பா மாவட்டத்தில், வீட்டிலிருந்து பணியாற்றிக்கொண்டிருந்த மென்பொருள் ஊழியர் ஒருவர், சார்ஜில் இருந்த மடிக்கணினி வெடித்துக் கடும் தீக்காயமடைந்தார். மின்கசிவு காரணமாகக் கூறப்பட்ட அந்த விபத்துக்கு விசிறிப் பழுதுடன் தொடர்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. இத்தகைய விபத்துகள் அரிதும்கூட. ஆயினும் உப்பிய பேட்டரியுடன், மெத்தையின் மேல், சார்ஜில் இணைத்தபடி கணினியை இயக்குவது எவ்வளவு எளிதாகத் தவிர்க்கக்கூடிய செயல் என்பதை அது நினைவூட்டியது. பல நிறுவனங்களின் செயலிகளில் 80 விழுக்காட்டுடன் சார்ஜை நிறுத்தும் வசதி உள்ளது. பெரும்பாலும் மின்இணைப்பிலேயே இயங்கும் கணினிக்கு அதைப் பயன்படுத்தலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

வெளிக்காற்றால் ஊதித் தருவதும், திறந்து விசிறியை எடுத்துச் சுத்தம் செய்வதும் வெவ்வேறு வேலைகள். இரண்டும் 'சர்வீஸ்' என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. எது செய்யப்படும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். விசிறி மாற்றப்பட்டால் பழைய விசிறியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உதிரிபாகம் கிடைக்காது, புதிய கணினிதான் வழி என்று சேவை மையம் கைவிரித்தால், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' தளத்தில் அதில் இணைந்துள்ள நிறுவனங்களின் பழுதுநீக்கும் விவரங்களைப் பார்க்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரும் அளிக்கலாம். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சி மையத்திலோ நிறுவனத்தின் சேவை மையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்பு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. ஹெச்டபிள்யூ இன்ஃபோ, கோர் டெம்ப் போன்ற இலவசச் செயலியில் சிப்பின் வெப்பநிலையைத் திரையில் வைத்துக்கொண்டு, உயர்தர வீடியோ ஒன்றையும் நாலைந்து பிரவுசர் பக்கங்களையும் 15 நிமிடம் ஓடவிட வேண்டும். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வைக்க வேண்டும். கடையில் குளிர்சாதனம் ஓடினாலும் அந்த வித்தியாசம் பெரிதாக மாறாது. அதனுடன் தன் வீட்டு அறையின் மே மாத வெப்பநிலையைக் கூட்டிப் பார்த்து, விடை 90-க்குக் கீழே இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கணினியை எடுத்து வரலாம்.